ஏழுமலை அண்ணனின் டீ, மோர், தண்ணி

செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா எதிரே உட்கார்ந்து, முகூர்த்தப் புடவையின் நிறம் மங்கி வந்துவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கைபேசியில் ஏழுமலை அண்ணனின் மனைவி சாந்தி அண்ணியின் பெயர் தெரிந்தது. பகல் நேரத்தில் கூப்பிடுகிறவர் அல்ல அவர். "கலை, உங்க அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். நான் எதிரே இருந்த அம்மாவிடம், "அரக்கு அப்படியே வரும், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அதைச் சொல்லிவிட்டு எழுந்தேன் என்று விழுப்புரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு தோன்றியது. நிறத்தைச் சொல்வதுதான் அவரோடு நான் பார்த்த வேலை. பழக்கம் விடவில்லை.

நம் மாவட்டத்தில் வீடியோ எடுப்பவர்கள், கேபிள் நடத்தியவர்கள், கணினி பழுது பார்ப்பவர்கள் எவரும் விழுப்புரம் ஏழுமலையைத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், பையில் சீப்பு, கண்ணில் கூலிங் கிளாஸ், பழைய மொபெட். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். படித்ததைச் சொல்லிக்காட்டத் தயங்காதவர். அடக்கம் என்பது அவர் தலை வைத்துக்கூடப் படுக்காத திசை. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி நம் தொழில் சங்கத்தில் கேட்டார்கள். நல்லதாக மட்டும் எழுதினால் அது வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும். படிக்கிற உங்களுக்கே சிரிப்பு வரும்.

தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டத்துக்குத் தலைநகர் ஆக்கிய அதே 1993-இல்தான் நான் திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் என் ஸ்டுடியோவைத் திறந்தேன். வீடியோ மிக்ஸிங் செய்கிற பெட்டி திறந்த வேகத்திலேயே படுத்துவிட்டது. யாரோ சொல்லி இவர் வந்தார். கூலிங் கிளாஸைக் கழற்றாமல் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மாவட்டத் தலைநகர்லருந்து வர்றேன். தாலுகாவுல ஒரு டீ கெடைக்குமா?"

"தலைநகர்ல டீக்கடை இன்னும் தொறக்கலீங்களாண்ணே?" என்றேன்.

ஒரு நொடி முறைத்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். அந்தச் சண்டை அன்று ஆரம்பித்தது. விழுப்புரம் பெரிதா திண்டிவனம் பெரிதா என்று அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் நாங்கள் முடித்தபாடில்லை. ஜங்ஷன் எங்களுடையது என்பார். அந்த ரயிலெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது என்பேன். கலெக்டர் எங்களுடையவர் என்பார். அவர் சாப்பிடுகிற மல்லாட்டைக் கடலை எங்கள் மார்க்கெட்டிலிருந்து வருகிறது என்பேன்.

அன்று அவர் பெட்டியைப் பிரித்து வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ரெசிஸ்டர்கள் என்று குட்டிக் குட்டியாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் நிறக் கோடுகள் போட்டிருப்பார்கள். மற்ற மெக்கானிக்குகள் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் அளவைச் சொல்லிவிடுவார்கள். இவர் ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்து அளந்தார். ஏன் இத்தனை பாடு என்று கேட்டதற்கு, "கோடு வெறும் பெயிண்டும்மா. பெயிண்டு இன்னா வேணா சொல்லும். உள்ள இருக்கறதக் கேக்கணும்" என்றார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

சில வருஷங்களில் கணினி வந்தது. கேசட்டில் இருக்கும் கல்யாணத்தைக் கணினிக்குள் இறக்க ஒரு கார்டு வேண்டும். அந்தக் கார்டும் கணினியும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள டிரைவர் என்கிற மென்பொருள் வேண்டும். நாம் எல்லாரும் சென்னைக்குப் போய்க் கார்டு வாங்கி வந்து அழுத காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே அட்டைப்பெட்டி, ஒரே படம், ஆனால் போன மாதம் வாங்கியதில் ஒரு சிப், இந்த மாதம் வாங்கியதில் வேறு சிப். கூட வந்த சிடியைப் போட்டால் கணினி அப்படியே உறைந்து நிற்கும். போன் செய்தால் ஏழுமலை அண்ணன் வருவார். பெட்டியைத் தூக்கி ஓரமாகப் போடுவார். சிப்பின் முதுகில் அச்சடித்திருப்பதை லென்ஸ் வைத்துப் பார்ப்பார், அதையும் நம்ப மாட்டார். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அடித்து விற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் கறுப்புத் திரையில் எதையோ தட்டி, சிப்பையே கேட்பார். ஒவ்வொரு சிப்புக்குள்ளும் அது இன்ன சிப் என்று ஓர் எண் பதிந்திருக்குமாம். முறையாகக் கேட்டால் அது தன்னைத் தானே சொல்லிவிடும்.

"பெட்டியைக் கேக்காதே, சிப்பைக் கேளு." இதை அவர் வாயிலிருந்து கேட்காதவர் நம் தொழிலில் யார் இருக்கிறார்கள்? பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இதைச் சொல்லி ஒரு வரனைக் கலைத்த ஆள் அவர்.

இனி நான் எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் பிரம்மதேசத்தில் ஒரு வீட்டில் அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே மேடையில், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம். எனக்கு அந்தச் சமயம் காய்ச்சல். இரண்டு கேமராவிலும் எடுத்ததை வெட்டி ஒட்டித் தர அண்ணன் ஒப்புக்கொண்டார். அக்காவுக்கு அரக்குப் புடவை, தங்கைக்குப் பச்சை என்று சொல்லி அனுப்பினேன். சகோதரிகள் இருவரும் அச்சு அசல் ஒன்றுபோல் இருப்பார்கள். புடவைதான் அடையாளம். காய்ச்சல் விட்டதும் அவர் முடித்து வைத்திருந்ததைப் போட்டுப் பார்த்தேன். அக்காவுக்குத் தாலி கட்டுகிறார் பெரிய மாப்பிள்ளை. அடுத்த காட்சியில் வெட்கப்பட்டுத் தலை குனிகிறாள் தங்கை. சின்ன மாப்பிள்ளை மெட்டி போடுகிறார், கால் அக்காவுடையது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இரண்டு சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து என் கடையைத் தரைமட்டம் ஆக்கியிருப்பார்கள்.

அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு காட்சியை நிறுத்திக் காட்டினேன். "இது என்ன கலர் புடவைண்ணே?"

"அரக்குதான்."

"நல்லாப் பாருங்க."

பார்த்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் அத்தனை நாள் நான் பார்க்காத ஒரு பயம் வந்தது. திரையில் இருந்தது கிளிப்பச்சை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனோம். வேகவைத்த மல்லாட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, உரிக்காமலேயே சொன்னார். "செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும் கலை. பொறந்ததுலருந்து அப்படித்தான். காலேஜ்ல எப்படியோ ஓட்டிட்டேன். வீடியோ மெக்கானிக்கு கலர் குருடுன்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்? நாளைக்கே என் பொழப்பு நாறிப்போயிடும்."

கோடு வெறும் பெயிண்ட் என்று அவர் சொன்னது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும் ஏன் என்றும் புரிந்தது. கண்ணை நம்ப முடியாத மனிதர், கேட்டுத் தெரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறார். திட்டலாம் என்றுதான் வந்திருந்தேன். மல்லாட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி உரித்துக்கொண்டே, "சரி விடுங்க. கலரை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இதை எழுதலாமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது சாந்தி அண்ணி அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டார். "எனக்குத் தெரியாதாம்மா? நிச்சயத்துக்குப் பச்சைப் பட்டுன்னு சொல்லி மொளகாப்பழ செவப்புல எடுத்தாந்த ஆளு. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். எழுது, எழுது. இனிமே யாரு வந்து வேலையை விட்டு எடுக்கப்போறான்?"

அந்தக் கல்யாண வீடியோவுக்குப் பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் எந்தக் கடையில் வேலை செய்தாலும் கடைசியில் நிறம் சரிபார்க்க நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பேன். ஆள் இருக்கும்போது சிவப்பு, பச்சை என்று சொல்ல முடியுமா? எனவே ஒரு குறிச்சொல். சிவப்பு தூக்கலாக இருந்தால், "டீ சொல்லட்டுமாண்ணே?" என்பேன். பச்சை தூக்கலாக இருந்தால், கொத்தமல்லி மிதக்கிற மோர். சரியாக இருந்தால், "தண்ணி குடுங்க, போதும்." உங்கள் கடைகளுக்கு வந்தபோதெல்லாம் இந்த அம்மா ஏன் ஓயாமல் எதையாவது குடிக்கக் கேட்கிறாள் என்று நீங்கள் சலித்துக்கொண்டது எனக்குத் தெரியும். செஞ்சியில் ஒரு கடைக்காரர் எனக்குச் சர்க்கரை வியாதி என்றே முடிவு கட்டி, பாகற்காய் ஜூஸ் குடிக்கச் சொன்னார்.

அந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை வந்தது திண்டிவனத்துத் தீமிதியின்போது. எங்கள் ஊர் கேபிளில் முதல் தடவையாக நேரடி ஒளிபரப்பு. கோயிலில் இருந்து வரும் படத்துக்கு அடியில் ஊர்க் கடைகளின் விளம்பரம் ஓட வேண்டும் என்பதற்காக, கேமராவின் ஒயரைக் கணினியில் விட்டு அங்கிருந்து வீடுகளுக்கு அனுப்ப ஏற்பாடு. அந்தக் கணினியில் போட வாங்கி வந்த கார்டுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. பெட்டி ஒரு சிப்பின் பெயரைச் சொன்னது. சிப்பின் முதுகு வேறொன்றைச் சொன்னது. அண்ணன் சிப்பைக் கேட்டார். அது இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றைச் சொன்னது. அவருக்கு ஒரே குஷி. "பாத்தியா? ரெண்டும் பொய். உள்ள இருக்கறது சொல்லிடுச்சு" என்று, அந்தப் பதிலுக்கு ஏற்ற மாதிரி டிரைவரைத் திருத்தி எழுதினார். விண்டோஸ் சரிப்படாது என்று லினக்ஸ் போட்டிருந்தார். அதில் டிரைவரைப் பிரித்துத் திருத்தலாமாம்.

சாயங்காலம் கோயிலில் குண்டம் மூட்டிவிட்டார்கள். படம் வந்தது. நாங்கள் இருந்த கன்ட்ரோல் ரூமில் போன் அடிக்க ஆரம்பித்தது. கேபிள் முதலாளி எடுத்தார். எதிர்முனையில் யாரோ கத்தியது எனக்கே கேட்டது. "இன்னாங்க இது, நெருப்பு பச்சையா எரியுது!"

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். அம்மன் முகத்துக் குங்குமம் பாசி பிடித்த மாதிரி இருந்தது. தீக்குண்டத்துக் கங்கெல்லாம் வெண்டைக்காய் நிறம். ஏழுமலை அண்ணன் அதையே பார்த்தபடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது வெறும் நெருப்பு.

"அண்ணே, மோர் சொல்லட்டுமா? பெரிய சொம்புல சொல்லட்டுமா?" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. முதலாளிக்கு வந்ததே கோபம். "ஊரே தீமிதி பாத்துக்கினு இருக்குது, என் மானம் போய்க்கினு இருக்குது, உனக்கு மோரு கேக்குதா? யோவ் ஏழுமலை, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லியா? ஜல்தியா சரி பண்ணு. இல்லாட்டி இன்னையோட வேற ஆளைப் பாத்துக்கறேன்!"

கண் தெரியுதா என்று அவர் கேட்டது வாய்க்கு வந்த வசவுதான். ஆனால் அன்று அவருடைய வேலை மட்டுமல்ல, அத்தனை வருஷம் மூடி வைத்ததும் அந்தப் பச்சை நெருப்பில்தான் நின்றது. மனிதர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "பதில் வந்திச்சு. ஆனா யாரு சொன்னான்?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

நடந்தது இதுதான். கார்டில் படத்தைக் கவனிக்கிற சிப் ஒன்று, அதன் அருகிலேயே வேறு வேலைக்கு இன்னொரு குட்டிச் சிப். இரண்டும் ஒரே ஒயரில் வரும் கேள்விக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் ஒரே விலாசம். இவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டப் பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறான். சிப்பைக் கேள், சிப்பைக் கேள் என்று ஊரெல்லாம் உபதேசம் செய்தவர் எந்தச் சிப் என்று கேட்கவில்லை. சரிசெய்து முடிக்கும்வரை கேமராவை நேராக இணைத்து, வீடுகளுக்கு விளம்பரமில்லாமல் ஓட விட்டார். கார்டைக் கழற்றி, சால்டரிங் அயர்ன் வைத்து அந்தக் குட்டிச் சிப்பின் ஒரு காலை மெல்லத் தூக்கிவிட்டார். அதன் வாய் அடைத்தது. கார்டைத் திரும்பப் போட்டுக் கேட்டார். இப்போது வந்தது வேறு பதில். அதற்கேற்ப டிரைவரை மாற்றினார். நிறத்தின் அளவை மட்டும் ஓர் எண்ணாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் கண் உதவாது.

கணினியின் படம் தெரிந்த டிவி முன்னால் நான் நின்றேன். "மோர்... இன்னும் மோர்தாண்ணே... டீ... கொஞ்சம் டீ..." முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, இந்தப் பேஜாரு தாங்கவில்லை என்று ஆளை அனுப்பி நிஜமாகவே ஒரு சொம்பு மோரும் ஒரு கிளாஸ் டீயும் வாங்கி வரச் சொல்லிவிட்டார். அவை வந்து சேரவும் திரையில் கங்கு கங்காகச் சிவந்து எரியவும் சரியாக இருந்தது. மஞ்சள் துணி கட்டிய பெண்ணொருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குண்டத்தில் இறங்கினாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "தண்ணிண்ணே. தண்ணி குடுங்க" என்றேன். முதலாளி சொம்பையும் கிளாஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என்னைப் பற்றி அன்று ஏற்பட்ட அபிப்பிராயம் கடைசிவரை மாறவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு அண்ணன் டிரைவருக்குள் அந்தக் கார்டை நிரந்தரமாகச் சேர்த்தார். டிரைவர் தனக்குத் தெரிந்த கார்டுகளைப் பெயர் சொல்லித்தான் அடையாளம் வைத்திருக்குமாம். இதற்குப் பெயர் கிடையாது. நாம் வைத்தால்தான் உண்டு.

"திண்டிவனம்னு போடுங்க. எங்க ஊர்த் தீமிதி" என்றேன்.

"கண்டுபுடிச்சவன் விழுப்புரத்துக்காரன். விழுப்புரம்தான்."

"மோர் குடிச்சவ திண்டிவனத்துக்காரி!"

திரையைக் கையால் மறைத்துக்கொண்டு எதையோ தட்டினார். "விழுப்புரம்னு போட்டாச்சு. மாவட்டத் தலைநகர். மேல்முறையீடு கெடையாது" என்றார். நான் கோபித்துக்கொண்டு போய்விட்டேன். அந்தக் கணினி பக்கமே திரும்ப மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடியே இருந்தேன்.

அந்தக் கோபம் விளையாட்டு. அடுத்தது அப்படியில்லை. அந்த நேரடி ஒளிபரப்புக்காக விழுப்புரத்தில் கேபிள்காரர்கள் கூடி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். மைக்கைப் பிடித்து, பச்சை நெருப்பைத் தான் கண்ட மாத்திரத்தில் கண்டுபிடித்ததாகவும், தனி ஆளாக நின்று சரிசெய்ததாகவும் பேசினார். கண்ட மாத்திரத்திலாம்! நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் வரவில்லை. எனக்கு எரிந்தது. வெளியே வந்து பிடித்துக் கேட்டேன்.

"உம்பேரைச் சொன்னா, இந்தம்மா அங்க இன்னா பண்ணாங்கன்னு கேப்பானுங்க. கலர் பாத்தாங்கன்னு சொல்லணும். ஏன், உனக்குக் கண்ணு இல்லியான்னு கேப்பானுங்க. நான் இன்னா சொல்லட்டும் கலை? நீயே சொல்லு" என்றார்.

சரியான பதில்தான். சரியான பதிலாக இருந்ததே எனக்கு இன்னும் வலித்தது. இனி எத்தனை வருஷம் அவரோடு நின்றாலும் என் வேலைக்குப் பெயர் இருக்காது என்று தெரிந்துபோனது. மாதக்கணக்கில் பேசவில்லை. அவர் போன் செய்தால் எடுக்க மாட்டேன். பிறகு ஒருநாள் கடை போனில் வேறு யாரோ என்று எடுத்துவிட்டேன். "ஏம்மா, ஊட்டுல புது டிவி வாங்கியிருக்கேன். உங்க அண்ணி நல்லாருக்குன்னு சொல்றா. அவ எது வாங்குனாலும் அதைத்தான் சொல்லுவா. நீ ஒருதரம் வந்து பாத்துச் சொல்லிட்டுப் போயேன்" என்றார். போனேன். டிவி நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் கேட்டேன். அவர் உள்ளே போய், நிஜமாகவே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு சமாதானம்.

பிறகு வீட்டுக்கு வீடு டிஜிட்டல் பெட்டி வந்தது. உள்ளூர் சேனல் மூடியது. கன்ட்ரோல் ரூமைக் காலி செய்தபோது அந்தக் கணினியை அண்ணன் மொபெட்டில் கட்டி விழுப்புரத்துக்கு எடுத்துப் போனார். எதற்கு இந்தக் குப்பை என்று கேட்டேன். "எங்க ஊரு பேரு இருக்குதில்ல உள்ள" என்று கண்ணடித்தார்.

கடைசியாக அவரைப் பார்த்தது புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில். உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. ஏற்ற ஏற்ற வற்றியது. அந்த முகத்தை எப்படிச் சொல்வது? சிவப்பு என்று ஒரு பொட்டுகூட இல்லை. அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார். அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கண்ணாடியில பாத்தா எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. நீ சொல்லு. இன்னா குடிக்கறே?" என்று கேட்டார்.

"தண்ணிண்ணே" என்றேன். "தண்ணி போதும்."

சிரித்தார். தலையணைக்கு அடியில் இருந்து ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக் காட்டினார். "கேட்டு வாங்கிட்டேன். நம்பரெல்லாம் பாத்துட்டேன். மோருன்னு சொல்லியிருந்தீன்னா நம்பியிருப்பேன். நீ எங்கிட்ட சொன்ன மொத பொய் இது." தாளை மடித்து வைத்துவிட்டு, "ஆனா கேக்க நல்லாத்தான் இருக்குது" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அண்ணி கூப்பிட்டனுப்பினார். பரணில் இருந்த கணினியைப் பழைய இரும்புக்குப் போடுவதா, எனக்கு ஏதாவது பயன்படுமா என்று கேட்டார். இறக்கித் துடைத்து, டிவியோடு இணைத்துப் போட்டேன். எழுந்துகொள்ள வெகுநேரம் எடுத்தது. அவர் வழக்கமாகத் தட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கத்தில் நானே தட்டினேன். கார்டில் இருக்கும் சிப் எது, அதை எந்தப் பெயரில் வைத்திருக்கிறாய் என்று கேட்கிற ஒரே ஒரு வரி. அத்தனை வருஷம் நான் அதைக் கேட்டதே இல்லை. அவர் வாயால் சொன்னதை அப்படியே நம்பிக் கோபித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

முதல் வரியில் சிப்பின் எண் வந்தது. அடுத்த வரியில் ஆங்கில எழுத்தில் கார்டின் பெயர்.

கலைச்செல்வி, திண்டிவனம்.

அருகில் அது பதிந்த தேதியும் இருந்தது. தீமிதி நடந்த அதே நாள். பொன்னாடைக்கு முன்னால். நான் எரிச்சலோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அன்றும், போனை எடுக்காமல் இருந்த அத்தனை மாதமும், அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"இன்னாம்மா, எங்க ஊரு பேருதானே?" என்றார் அண்ணி. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "இரு, டீ போடறேன்."

"வேணாம் அண்ணி. தண்ணி போதும்" என்றேன்.

அந்தக் கணினி இப்போது என் கடையில் மேசை ஓரமாக இருக்கிறது. அதில் வேலை எதுவும் இல்லை, அதில் இறக்க யாரும் கேசட் கொண்டுவருவதும் இல்லை. காலையில் கடையைத் திறந்ததும் ஒருமுறை அதைப் போட்டு, நீ யார் என்று கேட்கிறேன். மேடையில் அவரால் சொல்ல முடியாமல் போன பெயரை அது சொல்கிறது.